வேப்பிலை முள்

ராணி எட்டு ஆண்டுகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கடிகார முட்கள் செய்தாள். ஆனால் அந்த முட்களில் ஒன்று ஓடுகிற கடிகாரத்தில் உட்கார்ந்திருப்பதை அந்த எட்டு ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதற்கு அவள் வேலையை விட்டு, கப்பலேறிப் போர்ட் பிளேருக்கு வந்து, கல்யாணமாகி, மகள் மீனா ஆறாம் வகுப்புக்குப் போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டிலிருந்து இறங்கும் சரிவில் ஐயாவுவின் கடிகாரக் கடை இருக்கிறது. சுவர்க் கடிகாரம், பள்ளிப் பிள்ளைகள் கட்டும் வாட்ச், பேட்டரி, வார், இவைதான் வியாபாரம். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் விளக்கடியில் ராணி உட்கார்ந்திருப்பாள். பேட்டரி மாற்றுவதும், உப்புக் காற்றில் இறுகிப்போன திருகுகளைப் பதமாகக் கழற்றுவதும் அவள் வேலை. ஓசூரில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கம்பெனி வேலை என்ற அளவில் ஐயாவுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு ஜூலையில், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு முற்பகலில் காண்ட்ராக்டர் ஜம்புலிங்கம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து தீவுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அரசுக் குடியிருப்புகள், பள்ளிக் கட்டடங்கள், ஹேவ்லாக் தீவில் இரண்டு ஓட்டல்கள் என்று கட்டியவர். பஜாரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய கைக்கடிகாரத்தைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. சிங்கப்பூருக்குச் சுற்றுலா போனபோது வாங்கியது. விலையை அவரே சொல்லிவிடுவார்.

"சுகர் வந்து ஆளு இளைச்சுட்டேன்மா. வாட்ச்சு முழங்கை வரைக்கும் ஓடுது. செயின்ல ரெண்டு கண்ணி கழட்டிக் குடு. பாத்து, நாலு லட்சத்து எண்பதாயிரம்."

"கழட்டித் தாறேன் சார். உக்காருங்க."

ராணி மேஜையில் மெத்தென்ற துணியை விரித்து, கடிகாரத்தை அதன்மேல் வைத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டாள். முதல் கண்ணியின் ஊசியைத் தள்ளிக் கழற்றினாள். இரண்டாவதையும் கழற்றினாள். செயினைப் பூட்டிவிட்டு, எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கடிகாரத்தை நிமிர்த்தினாள். அப்போதுதான் முகப்பு அவள் கண்ணுக்கு நேராக வந்தது.

நடுவில் அகன்று, நுனியில் கூர்ந்த இலை வடிவ முட்கள். நட்டநடுவே மயிரிழையாக ஒரு கோடு, நுனியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிடும். நிமிட முள்ளின் நுனி மட்டும் முகப்பின் வளைவுக்கு ஏற்றபடி மெல்லக் கீழே குனிந்திருந்தது.

ராணி லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். முள் நகர்ந்துகொண்டிருந்தது.

"சார்," என்றாள். குரல் அவளையறியாமல் இளகியிருந்தது. "இந்த முள்ளு நாங்க செஞ்சது சார்."

*

அவள் லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் பிறந்தவள். அவளுடைய அப்பா முருகையாவும் அம்மா தங்கம்மாவும் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, அங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள். ராணி பிளஸ் டூ முடித்து, கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்த நாளில் சுனாமி வந்தது. உயிருக்குச் சேதமில்லை. வீடும், அதிலிருந்த சகலமும் போயின. ஓசூரில் இருந்த ஒரு சொந்தக்காரர், அங்கே ஒரு தொழிற்சாலையில் பெண்களை எடுக்கிறார்கள், கண்ணும் கையும் நன்றாக இருந்தால் போதும் என்று எழுதினார். இருபத்திரண்டு வயதில் அவள் கப்பலேறினாள்.

நேர்முகத் தேர்வில் கேள்வியே இல்லை. அரிசியைவிடச் சின்னதான பித்தளைத் துணுக்குகள் ஐம்பதை இடுக்கியால் எடுத்து ஒரு தட்டின் குழிகளில் அடுக்கச் சொன்னார்கள். அவள் ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை.

அங்கே செய்யும் முட்கள் எந்தக் கம்பெனிக் கடிகாரத்துக்குப் போகின்றன என்று தொழிலாளிகளுக்குச் சொல்ல மாட்டார்கள். எழுதி வாங்கிய ஒப்பந்தம் அப்படி. வரைபடத்துக்கு எண் மட்டும் உண்டு. நானூற்றுப் பதினேழு என்ற எண்ணுடைய முள்ளுக்கு அந்தப் பிரிவுப் பெண்கள் வேப்பிலை என்று பேர் வைத்திருந்தார்கள். அதன் நுனியை எந்திரத்தால் வளைக்க முடியவில்லை. வளைத்தால் முலாம் வெடித்தது. அதனால் விரல்களில் உறை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடிக்கு அடியில், மரக்குச்சியால் அழுத்தி ஒவ்வொன்றாக வளைத்தார்கள். ஆறு பேருக்குத்தான் அது வந்தது. அதில் ராணியும், அவளோடு விடுதி அறையில் தங்கியிருந்த தர்மபுரிக்காரி ஷீலாவும் இருந்தார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வருவார். பெண்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், மணிக்கட்டைப் பார்ப்பார்கள். நம்ம முள் அவர் கையில் இருக்குமோ என்று ஒரு ஆசை. அவரோ முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு வருவார். ஒரு தடவை ஷீலா துணிந்து, கையைக் காட்டுங்கள் என்று சைகை செய்தாள். அவர் சிரித்துக்கொண்டே சட்டையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ராணி ஊருக்குத் திரும்பினாள். அப்போது அவள் சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. பிறகு துறைமுகத்தில் வேலை பார்க்கும் நாகராஜைக் கல்யாணம் செய்துகொண்டு போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் குடியிருக்க வந்தாள்.

*

இத்தனையையும் அவள் ஜம்புலிங்கத்திடம் அவசர அவசரமாகச் சொன்னாள். நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

ஜம்புலிங்கம் முதலில் சிரித்தார். "ஓசூர்லயா? நீயா?" என்றார். அடுத்த வார்த்தை வருவதற்குள் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, இதுல ஸ்விஸ்னு எழுதியிருக்கு. கண்ணாடி போட்டுத்தானே பாத்த?"

"எழுதியிருக்கு சார். அதுவும் சரிதான். அங்க வந்து..."

"சரிதான்னா? ஓசூரு முள்ளுக்கா நான் நாலு லட்சத்து எண்பதாயிரம் குடுத்தேன்? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?"

ஐயாவு குறுக்கே வந்து, "பொண்ணு ஏதோ தெரியாம சொல்லுது சார், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். ஜம்புலிங்கம் கடிகாரத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி, கழற்றிய கண்ணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மழையில் குடையை விரிக்காமலே போய்விட்டார்.

விஷயம் அதோடு நின்றிருக்கும். ஆனால் ஐயாவு அதை எதிர்த்த டீக்கடையில் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். டீக்கடையில் பெங்காலி மீன் வியாபாரி ஒருவர் இருந்தார், தெலுங்கு ஆட்டோக்காரர் இருவர் இருந்தார்கள். தமிழில் சொன்னது இந்திக்கு மாறியபோது சுருங்கிவிட்டது. மூன்றாம் நாள் பஜார் முழுக்க ஒரே பேச்சு: ஜம்புலிங்கத்தின் வாட்ச் நக்லி. அதாவது போலி.

அதில் இன்னொரு சங்கடம் இருந்தது. ஜம்புலிங்கத்தின் மகள் வைஜெயந்திக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை அருண்பிரசாத் கப்பல் துறையில் இஞ்சினியர். நிச்சயத்தன்று மாமனார் தன் கையால் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளைக்குக் கட்டிவிடுவதாக முன்பே பேச்சு. இப்போது மாப்பிள்ளையின் அப்பா காதுக்கும் பஜார்ப் பேச்சு போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை, ஜம்புலிங்கத்தின் மனைவி ருக்கு கடைக்கு வந்தாள். பருத்திச் சேலை, கையில் ஒரு துணிப்பை. மேஜைக்கு முன்னால் நின்று ராணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முள்ளு செஞ்ச பொண்ணு நீதானா?"

ராணி எழுந்து நின்றாள். "ஆமாங்க அக்கா. நான் நக்லின்னு சொல்லல. சத்தியமா சொல்லல."

"அது எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரருதான் நம்ப மாட்டேங்கிறாரு. ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. என்ன சொன்னியோ அதை உக்கார வச்சுப் பொறுமையாச் சொல்லு."

ருக்கு போன பிறகு ஐயாவு, "வாயை மூடிட்டு இருந்திருந்தா கண்ணிக்கு நூறு ரூபாயோட போயிருக்கும்" என்றார். ராணிக்கு வேறொரு பயம் பிடித்திருந்தது. உள்ளபடியே அது போலியாக இருந்துவிட்டால்? போலி செய்கிறவர்கள் முள்ளையும் சேர்த்துத்தானே நகல் எடுப்பார்கள்? ஒரு நிமிஷம் பார்த்ததை வைத்துக்கொண்டு, நாங்கள் செய்தது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னோம்? அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் கண்ணை மூடி, அந்த முள்ளை மறுபடி மனசுக்குள் பார்த்தாள். நடுக்கோடு நுனிக்கு முன்னால் நின்றது. முலாம் வளைவில் வெடிக்கவில்லை. நகல் எடுக்கிறவன் அந்த வளைவுக்கு மெனக்கெட மாட்டான். ஆனாலும் பயம் முழுக்கப் போகவில்லை.

*

டெலனிப்பூரில் ஜம்புலிங்கத்தின் வீடு மூன்று மாடி. நாகராஜ் துணைக்கு வந்தான். கூடத்தில் ஜம்புலிங்கம் உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம் இல்லை. அது எதிரே சின்ன மேஜையில், பெட்டிக்குள் திறந்தபடி இருந்தது. வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு முள்ளு என்னம்மா விலை?"

"மாலூம் நை, தெரியாது சார். எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. சம்பளம்தான் தெரியும்."

"சம்பளம் எவ்வளவு?"

சொன்னாள். அவர் மனசுக்குள் ஏதோ பெருக்கி வகுத்தார். முகம் இன்னும் இருண்டது. "அப்ப எல்லாம் சேர்த்து மூணு முள்ளு முந்நூறு ரூபா ஆகுமா? மிச்சக் காசு யாருக்குப் போச்சு?"

"சார், நான் படிச்சவ இல்ல. அங்க எங்க மேடம் சொன்னதைச் சொல்றேன். ஸ்விஸ்னு எழுதணும்னா உள்ள ஓடுற எஞ்சின் அங்கத்ததா இருக்கணும். அதைப் பூட்டுறது, கடைசியா சோதிக்கிறது அங்க நடக்கணும். செய்ற செலவுல அறுவது பர்சன்ட் அந்த நாட்டுல ஆகணும். மத்ததெல்லாம் எந்த ஊர்ல இருந்தும் வரலாம். அது திருட்டுத்தனம் இல்ல சார், சட்டமே அதான்."

"சட்டம் இருக்கட்டும். வாங்குறவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"சொல்லலாம். என்னாத்துக்குச் சொல்லலன்னு எனக்கும் தெரியல. எங்களுக்கும்தான் சொல்லல, எதுக்குப் போகுதுன்னு."

ஜம்புலிங்கம் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

ராணி பேசினாள். கேட்க ஆள் கிடைத்ததும் வார்த்தை தானாக வந்தது. பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டி எடுப்பது, பிசிறு நீக்குவது, மெருகேற்றுவது, முலாம் பூசுவது. நூறு முள் செய்தால் முப்பதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தூசி உட்கார்ந்த இடத்தில் ஊசி முனைப் புள்ளி இருந்தாலும் போச்சு. மழைக்காலத்தில் கையில் வியர்க்கிறது என்று ஒருநாள் முழுக்க வளைத்ததைக் குப்பையில் போட்டிருக்கிறாள். தேறியது கப்பலில் இல்லை, விமானத்தில் போகும். அங்கே மறுபடி பார்த்து ஐந்தாறைக் கழிப்பார்கள். "மிச்சம் நின்னதுதான் சார் உங்க கையில இருக்கு," என்றாள்.

"அப்ப இது நீ வளைச்சதா?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். நீங்க வாங்குனது ரெண்டு வருஷம் முந்தி. நான் வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. எங்க செக்ஷன்ல வளைச்சது. ஷீலா வளைச்சிருக்கலாம். அவ இன்னும் அங்கதான் இருக்கா."

அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன இருந்தாலும், வெள்ளைக்காரன் மலையடிவாரத்துல உக்காந்து ஒண்ணொண்ணாச் செய்றான்னு நெனச்சுத்தான் காசைக் குடுத்தேன்."

சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றிருந்த ருக்கு அப்போது பேசினாள்.

"ஏங்க, ஹேவ்லாக் ஓட்டலு யாரு கட்டினது?"

"யாரு கட்டினதுன்னா? நான்தான்."

"நீங்க ஒரு செங்கல் எடுத்து வச்சீங்களா? ராஞ்சிக்காரங்க மண்ணு தோண்டுனாங்க. தெலுங்கு ஆளுங்க பூசுனாங்க. கதவெல்லாம் அந்த பெங்காலித் தச்சரு செஞ்சது. டைல்ஸு சென்னையில இருந்து கப்பல்ல வந்துச்சு. கல்வெட்டுல உங்க பேரு. அந்த ஓட்டல்காரன் வந்து, நீயே பூசுவேன்னு நெனச்சுக் காசு குடுத்தேன்னு கேட்டானா?"

நாகராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; காபியைக் குனிந்து குடித்தான். ஜம்புலிங்கம் மனைவியை முறைத்தார். பிறகு, "பூச்சு சரியா இல்லன்னா அவங்களைப் புடிக்க மாட்டான், என்னைத்தான் புடிப்பான்" என்றார், தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி.

அன்று அவர் சமாதானமாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் விமானத்தில் சென்னைக்குப் போன அக்கா மகன் பிரவீன்குமாரிடம் கடிகாரத்தைக் கொடுத்து, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் இடத்தில் சோதித்து எழுத்தில் வாங்கி வரச் சொன்னார்.

*

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் ராணி வழக்கம்போல எட்டரை மணிப் பேருந்தில் வந்தாள், வேலை பார்த்தாள். யாராவது கடை வாசலில் நின்று, "க்யா ராணி, அஸ்லியா நக்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உண்மையா போலியா என்று அவளிடமே கேட்டார்கள். ஷீலாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள், "ஏண்டி படம் எடுக்காம விட்ட? எடுத்திருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிருப்பேனே" என்று திட்டினாள்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஜம்புலிங்கம் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில், டீக்கடைக்கும் கேட்கிற இடத்தில் நின்றுகொண்டு, ஒரு காகிதத்தை விரித்து, வரி விடாமல் படித்தார். இங்கிலீஷில் இருந்தது. கடிகாரம் அசல், எண்கள் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றன, பாகங்கள் எதுவும் மாற்றப்படவில்லை. பாகங்கள் எங்கே தயாராகின்றன என்ற விவரத்தை நிறுவனம் வெளியிடுவதில்லை என்று கடைசி வரி சொன்னது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை சொன்னார்.

அதன்பின் உள்ளே வந்து கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பாத்துக்க," என்றார். "அன்னிக்கு நான் பிடுங்கிட்டுப் போயிட்டேன்."

ராணி லென்ஸை மாட்டிக்கொண்டாள். இந்த முறை அவசரப்படவில்லை. மணி முள், நிமிட முள், வினாடி முள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிமிட முள் ஐந்தாறு கோடு தாண்டும் வரைக்கும் பார்த்தாள். ஜம்புலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். பிறகு அவள் கேட்க, படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஷீலாவுக்கு அனுப்பினாள். ஐந்தே நிமிஷத்தில் குரல் செய்தி வந்தது. அதில் ராணிக்கென்று ஒரு வார்த்தை இல்லை. இரைச்சலில் ஷீலா யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவதும், ஏழெட்டுப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவதும் மட்டும் கேட்டது.

நிச்சயதார்த்தத்துக்கு ருக்கு ராணியையும் நாகராஜையும் அழைத்திருந்தாள். மண்டபத்தில் ஜம்புலிங்கம் சொன்னபடியே கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளைக்குக் கட்டினார். அருண்பிரசாத்தின் இடக்கையில் ஏற்கெனவே நடையெண்ணும் கறுப்புப் பட்டை இருந்தது. அவன் அதைக் கழற்ற மனமில்லாமல் வலக்கையை நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் ஜம்புலிங்கம் சம்பந்தியை அழைத்துவந்து ராணி முன்னால் நிறுத்தினார். "சம்பந்தி, இந்த வாட்ச்சு முள்ளை வளைச்ச கை இதுதான். நம்ம ஹட் பே பொண்ணு."

"நான் இல்ல சார், எங்க செக்ஷன்," என்றாள் ராணி.

"அதேதான்," என்றார் ஜம்புலிங்கம். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் அவர் விலையைச் சொல்லக் கேட்டவர் இல்லை. முள்ளைப் பற்றித்தான் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல, நூற்றுக்கு முப்பது கழிந்தது ஐம்பதாகி, கடைசியில் எண்பதாகிவிட்டது. ராணி திருத்தவில்லை.

திரும்பும்போது கராச்சர்மா பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நாகராஜ் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டான்:

"உங்கிட்ட அவ்வளவு காசு இருந்தா நீ வாங்குவியா அந்த வாட்ச்சை?"

ராணி யோசித்தாள். பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"மாட்டேன்," என்றாள். "ஆனா வாங்குறவங்க ஏமாந்தவங்கன்னும் சொல்ல மாட்டேன். அவ்வளவு நல்லாத்தான் இருக்கு."

நாகராஜ் தலையாட்டினான். வீட்டில் மீனா தனியாக இருப்பாள் என்று பந்தியில் கேட்டு வாங்கிய இரண்டு லட்டு, ராணியின் மடியில் காகிதப் பொட்டலத்தில் இருந்தது. மழை மறுபடி தொடங்கியதும் அவள் அதை முந்தானையால் மூடிக்கொண்டு, ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.